கண்டோரும் நிருபரும்

1

தமிழில் சொல் போதவில்லை என்ற முறையீட்டை எல்லாத் துறைகளிலும் கேட்டுப் பழகிவிட்டோம். நடந்ததைச் சொல்கிறவனுக்கும், நடந்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவனுக்கும் மட்டும் அந்தப் பஞ்சம் கிடையாது. பத்திராதிபர், நிருபர், பத்திரிகையாளர், இதழாளர், செய்தியாளர், ஊடகவியலாளர் என்று ஒரு வரிசை. அபிப்பிராயத்தின் பக்கம் விமர்சகர், திறனாய்வாளர், வர்ணனையாளர், அரசியல் நோக்கர் என்று இன்னொன்று. ஒன்று தேய்ந்ததும் அடுத்தது வருகிறது. வடசொல்லை ஒதுக்கும் முயற்சி இதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று எனக்குப் படவில்லை. ஒரு காரியத்துக்குப் பெயர் நிலைக்காமல் போவது, அந்தக் காரியம் என்ன என்பதில் நமக்குத் தெளிவில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இந்தச் சொற்கள் எதைப் பிடித்துக்கொண்டு பெயராகின்றன என்று பார்க்கலாம். பத்திரிகையாளர், இதழாளர் இரண்டும் காகிதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஊடகவியலாளர், சரக்கு ஏறிவரும் வண்டியின் பெயரால் அறியப்படுகிறவர். செய்தியாளர், சரக்கின் பெயரால். பத்திராதிபர் உடைமையின் பெயர். அதிபதி என்ற சொல்லே அதில் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தும் இலக்கணத்திலிருந்தும் வந்த அதிகாரம். பார்ப்பது என்ற காரியம் இவற்றில் ஒன்றிலும் இல்லை. ‘நோக்கர்’ என்பதில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அரசியல் நோக்கரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. அவர் ஒருமையில் வருவதே அபூர்வம். எப்போதும் ‘நோக்கர்கள்’, எப்போதும் ‘கருதுகிறார்கள்’.

அதிக நாள் உழைத்த சொல் நிருபர்தான். நிருபம் என்றால் கடிதம். அதிலும் மேலிடத்திலிருந்து கீழே வருகிற கடிதம், உத்தரவு. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதியவற்றை நிருபங்கள் என்றார்கள். தொலைவில் இருந்துகொண்டு அதிகாரத்தோடு பேசும் குரலுக்கு அந்தச் சொல் பொருந்தியது. போதாததற்கு, பழைய செய்யுள் வழக்கில் நிருபன் என்றால் அரசன். வேர் வேறு என்றாலும் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே முகம் காட்டுகின்றன. பஸ் ஸ்டாண்டு, போலீஸ் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி என்று தினமும் அலைந்து, எழுதும் அளவுக்குக் காசு வாங்கும் பகுதிநேர ஆளுக்கு அரசனின் சாயலில் ஒரு பெயர். இதைக் கேலி என்று தள்ளிவிட முடியவில்லை. அவர் எழுதும் நடை உண்மையிலேயே அரசநடைதான். ‘நமது நிருபர்’ என்று தலைப்புக்குக் கீழே வரும்போது அங்கே ஆள் இல்லை, பெயர் இல்லை, கண் இல்லை. ஒரு ‘நாம்’ இருக்கிறது. அந்த நாமில் வாசகனும் சேர்த்தியா என்பதை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

2

பழைய இலக்கணத்தில் இந்தக் காரியத்துக்கு ஒரு சொல் இருந்தது. அதை நாம் இலக்கண வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ‘கண்டோர்.’

அகப்பாட்டில் யார் யார் பேசலாம் என்று தொல்காப்பியம் செய்யுளியலில் கணக்குச் சொல்கிறது. களவில் ஆறு பேர். கற்பில் அந்த ஆறு பேரோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர். இந்தப் பட்டியலில் மற்ற எல்லோரும் ஏதோ ஒரு உறவால் அல்லது தொழிலால் பேச உரிமை பெற்றவர்கள். கண்டோருக்கு உறவும் இல்லை, தொழிலும் இல்லை. பார்த்தார்கள்; அதனால் பேசலாம். மகளைத் தேடிப் பாலை வழியில் வரும் செவிலிக்கு எதிரே வருகிறவர்கள், ஆம், அப்படி இருவர் போனதைப் பார்த்தோம் என்கிறார்கள். அவர்களுடைய தகுதி முழுவதும் அந்த வழியில் அந்த நேரத்தில் நடந்துவந்ததுதான்.

அதே செய்யுளியல் இன்னொன்றும் சொல்கிறது. ஊரார், அயலார், சேரியார், தலைவியின் தந்தை, தமையன் இவர்களுக்கு நேர்க்கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாக வேறொருவர் எடுத்துச் சொல்லலாமே தவிர அவர்களே வாய் திறந்து பேசுவதில்லை. ஊர் என்பது எப்போதும் மேற்கோளுக்குள் இருப்பது. ஊர் என்ன சொல்கிறது என்பதைத் தோழியின் வாயால்தான் கேட்கிறோம். ஊர்ப்பேச்சுக்கு அம்பல், அலர் என்று இரண்டு பெயர்கள் வேறு. வாய்க்குள் முணுமுணுப்பாக இருப்பது அம்பல். வெளிப்பட்டுப் பரவியது அலர். மொட்டுக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். ஒரு வதந்தியின் வயதைக்கூடச் சொல்லால் பிரித்து வைத்திருந்த மொழி இது.

இரண்டாயிரம் வருஷத்துப் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பார்த்தவர்க்குப் பேச்சு, பேசிக்கொண்டவர்க்கு மேற்கோள் என்ற இந்தப் பிரிவு ஒரு கவிதை உத்தியாக மட்டும் தோன்றவில்லை எனக்கு. சாட்சியத்தைப் பற்றிய ஒரு கறாரான பிரக்ஞை அதற்குப் பின்னால் இருக்கிறது. இன்றைக்கு நிலைமை நேர்த்தலைகீழ். ஊர் நேர்க்கூற்றில் பேசிக்கொண்டிருக்கிறது. கண்டவன் மேற்கோளில் நிற்கிறான்: ‘சம்பவத்தை நேரில் பார்த்த ஒருவர் கூறியதாவது.’

3

இது விளையாட்டான விஷயம் அல்ல என்பதற்கு மதுரையைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு பொய்ச் செய்தியால் எரிந்த ஊர் என்றுதான் இலக்கியத்தில் மதுரைக்குப் பெயர். சிலப்பதிகாரத்தைக் கற்புக்கும் ஊழுக்கும் அரச நீதிக்கும் காப்பியமாகப் படித்துவிட்டோம். செய்தி எப்படிக் கைமாறுகிறது என்பதன் காப்பியமாக ஒருமுறை படிக்கலாம்.

பொற்கொல்லன் கொண்டுபோவது ஒரு செய்தி. சிலம்பு திருடியவன் இன்ன இடத்தில் இருக்கிறான். அரசன் அதை விசாரிக்கவில்லை. ஊடலில் இருக்கும் தேவியைச் சமாதானப்படுத்தும் அவசரம் அவனுக்கு. ஒற்றன் ஒருவன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்று குறளின் ஒற்றாடல் அதிகாரம் சொல்கிறது. பாண்டியன் ஒருவனோடு நிறுத்திக்கொண்டான். இருந்தாலும் அவன் உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிலம்பு அவன் கையில் இருக்குமானால் என்றுதான் அவன் சொல்கிறான். அந்த ‘ஆனால்’ கொலைக்களத்துக்குப் போய்ச் சேரும்போது கழன்றுவிடுகிறது. அந்தச் சிலம்பா வேறு சிலம்பா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கொலைக்களக் காதையில் இதைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது. கோவலனைப் பார்த்த காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் முகத்தில் திருட்டு இல்லை என்கிறார்கள். கண்டோர் கூற்று அது. அதற்குப் பொற்கொல்லன் சொல்லும் பதில் ஒரு பிரசங்கம். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவு நூலை எட்டாகப் பிரித்து விளக்குகிறான். கெட்டிக்காரத் திருடன் திருடனாகத் தெரியமாட்டான் என்று நிறுவுகிறான். கண்ணுக்குத் தெரியாததே குற்றத்துக்கு நிரூபணம் ஆகிவிடுகிறது. பார்வையை வியாக்கியானம் தோற்கடிக்கும் இடம் இதுதான். அதற்குப் பிறகு வாளை வீசுவதற்குக் கல்லாத ஒரு குடிகாரன் போதும். தமிழின் முதல் அரசியல் நோக்கர் என்று பொற்கொல்லனைச் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய நிபுணர்கள் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை.

இதற்கு எதிர்முனையில் ஒருத்தி. ஆயர்பாடிக்கு ஓடி வருகிறாள். ஊருக்குள் கேட்டதைச் சொல்ல வந்தவள். கண்ணகியைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. நிற்கிறாள். அவளுக்குப் பெயரும் கிடையாது. கண்ணகி கேட்கிற கேள்வி, என்ன நடந்தது என்பது அல்ல. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாள். தனக்கு முன்னால் நிற்பவள் கண்டவள் அல்ல, கேட்டவள் என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தெரிகிறது. பிறகு அவள் சூரியனைக் கேட்கிறாள். வீதிக்குப் போய் உடலைப் பார்க்கிறாள். அவையில் சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டுகிறாள். தேவியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். கோபத்தின் உருவமாக நாம் மேடைகளில் நிறுத்தி வைத்திருக்கும் கண்ணகி, காப்பியத்தில் ஒரு செய்தியைப் படிப்படியாகச் சரிபார்த்துக்கொண்டு போகிறவள். அவள் கோபத்துக்கு இருக்கும் கனம் அந்தச் சரிபார்ப்பிலிருந்து வருகிறது.

ஊர் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் வந்து, பாண்டியர் குலத்தின் நேர்மையையும் கோவலனின் முற்பிறப்பு வினையையும் எடுத்துச் சொல்கிறது. எல்லாம் இப்படி நடக்க வேண்டியிருந்தது என்று விளக்குகிறது. அந்தப் பகுதிக்குப் பெயர் கட்டுரை காதை. கட்டுரை எழுதுகிறவர்கள் இந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

பதிகத்தில் இளங்கோ வைத்திருக்கும் ஏற்பாடும் இதோடு சேர்கிறது. வேங்கை மரத்தடியில் ஒரு பெண்ணைக் கண்டோம் என்று குன்றக் குறவர்கள் வந்து சொல்கிறார்கள். அவர்களுக்குக் கண்டது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. உடனிருந்த சாத்தன், மதுரையில் வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் தான் படுத்திருந்தபோது தெய்வம் கண்ணகியிடம் பேசியதைக் கேட்டதாகச் சொல்கிறான். அவனுக்குக் கேட்டது தெரியும். கண்டவர்களையும் கேட்டவனையும் தனித்தனியே அறிமுகம் செய்துவிட்டுத்தான் காப்பியம் தொடங்குகிறது.

4

எழுத்துத் தமிழ் எதை இழந்தது என்று தெரிய, சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பார்க்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதுதான் செய்தி. பச்சை என்றால் அந்த வருஷம் செழிக்கும். முன்னால் நிற்கும் சில ஆயிரம் பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது வாய் வழியாக வருகிறது. பார்த்தவன் ‘பச்சை’ என்கிறான். அடுத்தவன் திரும்பி ‘பச்சையாம்’ என்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கும் கிழவி தன் பேரனிடம் ‘பச்சைப் பட்டாம்டா’ என்கிறாள். ஒரு பர்லாங்கு தூரம் அந்தச் சொல் தலைகளின் மேல் ஓடிவருகிறது. யாரும் அந்த ‘ஆம்’ என்பதைக் கீழே போட்டுவிடுவதில்லை. தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் துணிச்சல் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை.

நம் மொழியில் செய்தியாளனுக்கு உண்மையான பெயர் இந்த இடைச்சொல்லில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வந்தான் என்றால் நான் சொல்கிறேன், பொறுப்பு எனக்கு. வந்தானாம் என்றால் எனக்கு யாரோ சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, கதை சொல்லும்போதுகூட, ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்றுதான் தொடங்குகிறாள். கற்பனைக்கும் அவள் சாட்சியப் பொறுப்பு ஏற்பதில்லை. தொல்காப்பியர் சூத்திரத்துக்குச் சூத்திரம் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று முன்னோர் மேல் ஏற்றிச் சொல்வதும் இதே ஒழுக்கத்தின் புலமை வடிவம்தான்.

செய்தித்தாள் நடை இந்த ஆம்-ஐ என்ன செய்தது? அதற்குப் பதிலாகச் செயப்பாட்டு வினையைக் கொண்டுவந்து வைத்தது. கூறப்படுகிறது, நம்பப்படுகிறது, எதிர்பார்க்கப்படுகிறது. அல்லது, தெரிகிறது. யாருக்குத் தெரிகிறது? தமிழில் ‘தெரிகிறது’ என்ற வினைக்கு ‘எனக்கு’, ‘அவனுக்கு’ என்று ஒரு ஆள் வேண்டும். ஆளை எடுத்துவிட்டு வினையை மட்டும் நிற்க வைத்தால், அது வானத்திலிருந்து தெரிகிறது. ‘ஆம்’ கேட்டவனின் அடக்கம். ‘படுகிறது’ யாருமில்லாத அதிகாரம். மேலோட்டத்துக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். ஒன்றில் சொல்கிறவன் தன் எல்லையைக் காட்டுகிறான், மற்றதில் ஒளிந்துகொள்கிறான்.

இதை வெறும் பண்டிதத் தமிழின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1942-ல் சி. பா. ஆதித்தனார் மதுரையிலிருந்து ‘தந்தி’யைத் தொடங்கினார். அதுவரை செய்தித்தாளின் பக்கம் வராதவர்களுக்கும் புரியும் தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களில் செய்தி வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனும் படித்தான். இது சின்னக் காரியம் அல்ல; நம்மில் பலர் இதை முகம் சுளித்தே பேசி வந்திருக்கிறோம், அது தவறு. ஆனால் பேச்சுத் தமிழின் சொற்களை எடுத்துக்கொண்ட அந்த நடை, பேச்சுத் தமிழின் இந்த ஒரு நேர்மையை எடுத்துக்கொள்ளவில்லை. பெயரிலேயே காரணம் இருக்கிறதோ என்னவோ. தந்தி என்பது சொல்லுக்குச் சொல் காசு. இடைச்சொல்லுக்கு அங்கே இடம் கிடையாது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோய்விட்டது. அந்தச் சிக்கனம் மட்டும் மொழியில் நின்றுவிட்டது.

‘ஆம்’ அச்சில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: கிசுகிசுப் பத்தி. நடிகை மறுத்துவிட்டாராம், தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டாராம். நம் பத்திரிகைகளில் தான் பார்க்கவில்லை என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒப்புக்கொள்ளும் பகுதி அது ஒன்றுதான்.

மதுரையில் மாசி வீதி டீக்கடைகளில் காலையில் ஒருவர் பேப்பரைப் படிக்க நாலு பேர் கேட்பதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ‘குற்றவாளிகள் கைது செய்யப்பட்டனர்’ என்று அச்சில் இருக்கும். படிக்கிறவர் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, நிமிர்ந்து, ‘புடிச்சுட்டாய்ங்களாம்’ என்பார். அச்சில் உதிர்ந்துபோனதை அவர் திரும்ப ஒட்டிவிடுகிறார். கேட்கிறவர்களில் ஒருவர் ‘எவன் பாத்தான்?’ என்பார். அந்தப் பெஞ்சில் நடப்பது பத்திரிகை விமர்சனம். அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம், வெட்டிப் பேச்சு என்று.

5

சொல்லைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சொல்லைச் சுமந்தவர்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நம் சிறுபத்திரிகைகளின் பழைய வியாதி. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும், செய்தி யார் காலில் நடந்தது? இழவு சொல்லப் போனவன் யார்? ஊருக்கு ஊர் தண்டோரா போட்டவன் யார்? வெயிலில் பத்து மைல் நடந்துபோய், வாசலுக்கு வெளியே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சேதி சொன்னவனுக்கு அந்த வேலை பிறப்பால் சுமத்தப்பட்டது. பறை என்றால் பழந்தமிழில் கருவிக்கும் பெயர், சொல்லுக்கும் பெயர். மலையாளத்தில் இன்றும் பறைவது என்றால் பேசுவதுதான். சொல்லுதல் என்ற வினையிலிருந்தே ஒரு சாதியின் பெயரும், அந்தப் பெயரிலிருந்து தீண்டாமையும் முளைத்த மொழியில், நிருபர் என்ற அரச ஒலியுள்ள சொல் ஏன் தேவைப்பட்டது என்பது அவ்வளவு புதிரல்ல. மேலிருந்து வந்த பெயரை எடுத்துக்கொண்டோம். கீழே நடந்தவனின் பெயரை வசையாக்கினோம்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி இருக்கும்போது ஒரு மனிதனை இப்படி நடக்க வைப்பது ஏன் என்ற கேள்வி நியாயமானது, தாமதமானது. தண்டோராவை நிறுத்தியதும் ஒரு நிருபம்தான் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அந்த மனிதன் சொல்லிச் சென்றவனாக இருந்தான், சொல்லப்படுகிறவனாக ஆனபோது என்ன நடந்தது? மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித்தான முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். இப்படிப்பட்டவற்றுக்கென்று நம் செய்தி நடையில் ஒரு சொல் எப்போதும் தயாராக இருக்கிறது: மோதல். இரு தரப்பினரிடையே மோதல். கண்டவன் ஒருவன் அந்த வாக்கியத்தை எழுத முடியாது. வெட்டியவன் கையும் வெட்டுப்பட்டவன் உடலும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ‘இரு தரப்பு’ என்ற சொல் கைக்கு வராது. தூரத்தில் இருந்தால்தான் வரும். நடுநிலை என்று நாம் மதிக்கும் பலவும் வெறும் தூரம்.

6

இதையெல்லாம் செய்தித்தாள்காரர்கள் மேல் போட்டுவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிற நம் கதை என்ன?

வத்தலக்குண்டுக்காரர் சி. சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ தொடங்கினார். க. நா. சுப்ரமண்யம் ரசனையை நம்பியவர். தேறியவற்றைப் பட்டியலாகத் தருவார். செல்லப்பாவுக்கு அது போதவில்லை. பிரதியில் காட்டு, எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று கேட்டார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயர் விழுந்தது, பிற்பாடு கொஞ்சம் கேலியாகவும் வழங்கியது. இந்தச் சண்டையைக் கோட்பாட்டுச் சண்டையாகவே பேசி வந்திருக்கிறோம். எனக்கு அது கண்டோர் உரிமையைப் பற்றிய சண்டையாகத் தெரிகிறது. க. நா. சு. பார்க்காமல் சொன்னவர் அல்ல. அவர் அளவுக்குப் படித்தவர் குறைவு. ஆனால் தான் பார்த்ததை நம்பும்படி கேட்டார். செல்லப்பா உன்னையும் பார்க்கச் சொன்னார். அந்த வித்தியாசம் பெரியது.

அதே வருஷம் வந்த ‘வாடிவாச’லில் செல்லப்பா இதைக் கதையாகவே செய்திருக்கிறார். சல்லிக்கட்டுத் திடலில் பிச்சியோடு பேச்சுக் கொடுக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். எந்த மாடு எப்படிப் பாயும், எதன் குணம் என்ன என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பிச்சியின் அப்பன் அம்புலியின் கதையும் அவனுக்குத் தெரியும். இவனை என்னவென்று சொல்வது? செய்தியாளன் என்பதா, வர்ணனையாளன் என்பதா, விமர்சகன் என்பதா? மூன்றும் சேர்ந்த ஒரு ஆள், மூன்று பெயரும் ஒட்டாத ஆள். வருஷா வருஷம் அந்த வாசலுக்கு வந்து மாடுகளைப் பார்த்தது ஒன்றுதான் அவன் அதிகாரம். இன்று அலங்காநல்லூரில் ஒலிபெருக்கியில் கேட்கும் குரல் மாட்டுக்காரரின் பெயர், ஊர், கட்டில், பீரோ, அண்டா என்று பரிசைச் சொல்கிறது. அந்தக் குரலுக்கு மாட்டின் பூர்வ கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நம் பக்கங்களில் மதிப்புரைகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை நாம் ஒருவருக்கொருவர் மறைக்க வேண்டியதில்லை. முன்னுரையைப் படித்துவிட்டு எழுதியவை, எழுதியவர் யார் கூட்டம் என்று பார்த்து எழுதியவை, ஒரு மேல்நாட்டுப் பெயரைத் தலைமேல் வைத்துக்கொண்டு கீழே புத்தகத்தைப் பார்க்காமல் எழுதியவை. ‘முக்கியமான படைப்பாகக் கருதப்படுகிறது’ என்று நாமும் எழுதுகிறோம். யார் கருதினார்கள்? பொற்கொல்லனின் எட்டு வகைப் பிரசங்கம் நம்மிடமும் உண்டு, வகைகளின் பெயர்தான் வேறு.

7

‘ஊடகவியலாளர்’ என்ற சொல்லை நான் முதலில் குறை சொன்னேன். ஈழத் தமிழர் அதைப் பரவலாக வழங்குகிறார்கள். அங்கே அந்தச் சொல் சிலருக்கு உயிரின் விலைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், வெளியார் எளிதில் போக முடியாத ஒரு நிலத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், 2000 அக்டோபர் 19 இரவு தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அங்கே இருந்து பார்த்தார் என்பதுதான் குற்றம். சொல் வாகனத்தின் பெயராக இருந்தாலும் சில மனிதர்கள் அதைக் கண்டோர் என்று படிக்கும்படி செய்துவிட்டுப் போகிறார்கள்.

மதுரையில் நடந்தது வேறு மாதிரி. 2007 மே 9. ‘தினகரன்’ நாளிதழ், முதல்வர் கருணாநிதிக்குப் பின் அவர் வாரிசு யார் என்பது பற்றி ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டது. அன்று அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். இருவர் கணினிப் பிரிவில் இருந்தவர்கள், ஒருவர் காவலாளி. 2009-ல் கீழ்க் கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்த மூவரை எந்தப் பெயரால் சொல்வது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிருபர்கள் அல்ல, பத்திரிகையாளர்கள் அல்ல. கணிப்பில் ஒரு சதவீதத்தையும் அவர்கள் எழுதவில்லை. கருத்து யாருடையதோ, கணிப்பு யாருடையதோ. ‘ஊழியர்கள்’ என்றுதான் செய்தியில் வந்தது. கட்டுரை காதையின் தெய்வம்போல அந்த நாளுக்கு விளக்கம் சொல்லப் பலர் வந்தார்கள். விளக்கங்களில் அந்த மூவர் இல்லை. பத்து சொற்கள் வைத்திருக்கிற மொழியில் அவர்களுக்கு ஒன்று இல்லை.

இதைச் சொன்ன பிறகு இந்தக் கட்டுரையிலேயே கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். டீக்கடைப் பெஞ்சு நான் கண்டது. காப்பியமும் இலக்கணமும் வாடிவாசலும் நான் படித்தவை. பக்கத்தைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம், தவறிருந்தால் சொல்லலாம். மேலவளவும் யாழ்ப்பாணமும் 2007-ன் தீயும் நான் பார்த்தவை அல்ல. அச்சில் வந்ததைப் படித்தேன். அழகரின் பட்டை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. பின்வரிசையில்தான் நின்றிருக்கிறேன். பச்சையாம்.